ஒரே மாத்திரைதான், உடம்பு வேறு வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். மக்களின் மரபணு விவரத்தையும் அவர்கள் வாங்கிச் சாப்பிட்ட மருந்துகளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு எந்த மருந்து எவ்வளவு ஒத்துப்போகும் என்று பார்ப்பதுதான் வேலை. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நோய் விவரங்கள் இருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டோம். நான் மருந்தாளுநர், டாக்டர் அல்ல. இங்கே படித்ததை வைத்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

கைராசியான டாக்டர் ஆளைப் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பார். அந்த அனுபவத்தைவிட மரபணு என்ன அதிகமாகச் சொல்லிவிடும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, வயது, எடை, சிறுநீரகம், கல்லீரல், மற்ற மாத்திரைகள் இவற்றையெல்லாம் பார்த்து அளவைத் தீர்மானிக்கும் டாக்டரின் அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதை நான் மருந்தக ஜன்னலில் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.

லாரி ஓட்டும் ஒருவர், முப்பது வயதிருக்கும், வலிப்புக்குச் சீட்டு கொண்டுவந்தார். கார்பமாசெபின். சீட்டைச் சரிபார்த்து, அட்டையை வெட்டிக் கவரில் போட்டு, ‘காலை 1, இரவு 1’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தது நான்தான். பதினாறாம் நாள் அவர் மனைவி அதே கவரோடு ஓடிவந்தார். கணவருக்கு உதடு முழுக்க வெந்து, கண் திறக்க முடியாமல், முதுகுத் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. மூன்று வாரம் வார்டில் இருந்து பிழைத்தார். கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. சீட்டில் தவறு இல்லை, அளவில் தவறு இல்லை, நான் கொடுத்ததிலும் தவறு இல்லை. அந்தக் கவரில் இருந்த என் கையெழுத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று இரவுதான் தேடிப் படித்தேன். கார்பமாசெபினால் இப்படித் தோல் உரிந்த 44 பேரைத் தைவானில் பரிசோதித்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம்தான் அது இருந்தது. அப்புறம் மாத்திரை தருவதற்கு முன்பே 4,877 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2011ல் வெளிவந்த முடிவு: ஒருவருக்குக்கூடத் தோல் உரியவில்லை. மதுரைக்காரருக்கு யாரும் அந்தப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் அவருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எவ்வளவு கைராசியான டாக்டரும் நாடி பிடித்தோ முகம் பார்த்தோ இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் ஆராய்ச்சிக்கு வந்தது அந்தக் கவரால்தான்.

என் மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் மாத்திரை. அணுக்கள் திடீரென்று இறங்கிவிட்டதால் டாக்டர் மாத்திரையைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார். பக்கத்துப் படுக்கைப் பையன் முழு அளவு சாப்பிடுகிறான். குறைந்த மருந்தால் என் பிள்ளைக்கு நோய் திரும்பிவிடுமா?
— ஒரு தாய், விழுப்புரம்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துவைத்தேன்.

இந்த மருந்து வயிற்றுக்குள் போனதும் அப்படியே வேலை செய்வதில்லை. உடம்பு அதைப் பல படிகளில் மாற்றிச் செல்லுக்குள் சேர்த்துவைக்கிறது. அப்படிச் சேர்ந்ததுதான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது. கூடவே, அளவுக்கு மிஞ்சிச் சேராதபடி கழித்துவிடும் என்சைம்களும் நம் உடம்பில் இருக்கின்றன. ஒன்று டி.பி.எம்.டி., இன்னொன்று நட்15. சிலருக்குப் பிறவியிலேயே இவற்றில் ஒன்று மெதுவாக வேலை செய்யும்.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? வடிகால் அகலமாக இருந்தால் குழாயை முழுக்கத் திறந்தால்தான் தொட்டி நிறையும். வடிகால் குறுகலாக இருந்தால் பாதி திறந்தாலே அதே மட்டத்துக்கு நிறைந்துவிடும். முழுக்கத் திறந்தால் வழிந்து வீடே நனையும். அணுக்கள் விழுந்தது அந்த வழிதல். உங்கள் மகனுக்கு வடிகால் குறுகல் என்றால், அவனுடைய பாதி மாத்திரையும் பக்கத்துப் பையனின் முழு மாத்திரையும் செல்லுக்குள் ஒரே மட்டத்தைத்தான் தொடுகின்றன. வெளியே பார்க்கக் குறைவாகத் தெரிவது உள்ளே குறைவாக இருக்கவேண்டியதில்லை.

இந்த மாத்திரையை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கினார்கள். 1988ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டி.பி.எம்.டி. வித்தியாசத்தை 1980லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஐரோப்பிய வம்சத்தினரிடம் அதிகம் காணப்படுவது. ஆசியாவில் டி.பி.எம்.டி. நன்றாக இருந்தும் பல பேருக்கு அணுக்கள் சரிந்துகொண்டே இருந்தன, காரணம் பிடிபடவில்லை. 2014ல் கொரியாவில் இதே குடும்பத்து மருந்தைச் சாப்பிட்ட குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராய்ந்தபோதுதான் நட்15 வெளிச்சத்துக்கு வந்தது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் இதுதான் முக்கியமாகப் பார்க்கவேண்டியது. இன்று உலகம் பின்பற்றும் வழிகாட்டுதலில், இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் குறையுள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கலாம் என்றிருக்கிறது. இரண்டு பிரதியும் குறை என்றால் அதைவிட மிகக் குறைவு. பிறகு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது இரண்டுதான். டாக்டரிடம், ‘டி.பி.எம்.டி., நட்15 பரிசோதனை செய்தாச்சா, செய்யலாமா?’ என்று கேளுங்கள். நேராகக் கேட்கலாம், தவறாக நினைக்கமாட்டார்கள். முடிவு வந்தால் அதை ஒரு கெட்டி அட்டையில் எழுதி, அவன் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். இருபது வருடம் கழித்து மூட்டுக்கோ குடலுக்கோ அசதியோபிரின் என்ற மருந்தை யாராவது எழுதினால், அதுவும் இதே வடிகாலில்தான் போகவேண்டும். அன்றைய டாக்டருக்கு அந்த அட்டை தேவைப்படும். மாத்திரையை ஒரு நாளும் விடவேண்டாம், அம்மா. குறைத்த அளவு என்றாலும் அது முழு மருந்துதான்.

அக்கா, பி.ஃபார்ம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நீங்கள் தினமும் என்ன செய்வீர்கள்? சோதனைக் குழாயும் வெள்ளை கோட்டுமா? நானும் வரலாமா?
— மாணவி, பாளையங்கோட்டை

நான் கோட் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, தங்கை. என் ஆய்வகம் ஒரு கம்ப்யூட்டர் திரைதான்.

எஸ்டோனியா சின்ன நாடு, மக்கள் தொகை சுமார் 13 லட்சம். வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர், அதாவது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்து இங்குள்ள மரபணு வங்கியில் சேர்ந்திருக்கிறார்கள். அதற்கென்று 2000ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2010 முதல் நாடு முழுவதும் மருந்துச் சீட்டு கணினியில்தான். ஆக ஒருவரின் மரபணுவும், அவர் எந்தத் தேதியில் எந்த மருந்தை எத்தனை அட்டை வாங்கினார் என்பதும் ஒரே குறியீட்டு எண்ணின் கீழ் சேர்கின்றன. பெயர், முகவரி எதுவும் எங்கள் கைக்கு வராது.

என் திரையில் ஒரு ஆள் எப்படித் தெரிவார் தெரியுமா? உண்மையான யாருடையதும் அல்லாமல், மாதிரிக்குச் சொல்கிறேன். பிப்ரவரி 4: என்06ஏபி10, 28 மாத்திரை. மார்ச் 11: என்06ஏபி06. அவ்வளவுதான். முதல் குறியீடு எஸ்சிடலோபிராம், மனச்சோர்வுக்கு. இரண்டாவது செர்ட்ரலின். ஒரு மாதத்தில் மருந்து மாறியிருக்கிறது. ஏன்? முதல் மருந்து கேட்கவில்லையா? குமட்டலா? தூக்கம் போச்சா? வரி எதுவும் சொல்லாது. அப்போதுதான் மரபணுப் பக்கத்தைத் திறப்பேன். எஸ்சிடலோபிராமைக் கரைப்பதில் முக்கியப் பங்கு சி.ஒய்.பி.2சி19 என்ற என்சைமுக்கு. அது வேகமாக இருப்பவர்களுக்கு மருந்து ரத்தத்தில் நிற்பதற்குள் போய்விடும். மெதுவாக இருப்பவர்களுக்குத் தேங்கிவிடும். இந்த இரண்டு கோடிகளிலும் இருப்பவர்கள்தான் அதிகமாக மருந்து மாற்றுகிறார்கள் என்று நார்வேயில் 2018ல் காட்டினார்கள். அதுபோல வேறு எந்த மருந்துகளில் நடக்கிறது என்று ஆயிரக்கணக்கான வரிகளில் தேடுவது என் வேலை.

தேடுவதைவிடச் சந்தேகப்படுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது. இரண்டாம் வருடத்தில் ஒரு மருந்தை ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கானோர் மாற்றியிருந்ததைப் பார்த்து, மூன்று மாதம் அதற்கு மரபணுக் காரணம் தேடினேன். கடைசியில் ஒரு மாலை, மதுரை ஜன்னலில் நான் தினமும் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது: ‘ஸ்டாக் இல்லைங்க, வேற எழுதி வாங்கிட்டு வாங்க.’ விசாரித்தேன். ஆமாம், அந்தப் பருவத்தில் கடைகளில் அந்த மருந்தே கிடைக்கவில்லை. மருந்தகத்தில் நின்ற அனுபவம் இல்லாமல் இதை நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன். அதனால் பயிற்சிக்காலத்தில் ஜன்னலில் நிற்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதே. என்ன கேட்கிறார்கள், எதைப் பாதியில் விடுகிறார்கள், எதைப் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போடுகிறார்கள் என்று கவனி. சீட்டில் இருப்பதும் வாங்குவதும் விழுங்குவதும் மூன்று தனித்தனிச் சங்கதிகள்.

இங்கே 2019ல் ஒரு குழு 44,000 பேரின் மரபணுவை அலசிப் பார்த்தது. ஏதாவது ஒரு மருந்திலாவது கவனம் தேவைப்படும் மரபணு வகை 99.8 சதவீதம் பேரிடம் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த எண் இது. ‘சராசரி ஆள்’ என்று மனதில் வைத்துத்தான் அட்டையில் அளவு அச்சடிக்கிறோம். அந்த ஆள் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

படிப்பு நான்கு வருடம். 2022 முதல் இங்கே முனைவர் பட்ட மாணவர்களை இளநிலை ஆய்வாளர்களாகச் சம்பளத்தோடு எடுக்கிறார்கள். மருந்தியலோடு புள்ளியியலை நன்றாகப் படி. ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டில் ஒன்றை இன்றே தொடங்கு. டிசம்பரில் மாலை மூன்றரைக்கு முன்பே இருட்டிவிடும், கெட்டியான கோட் வேண்டும். வா.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து குளோபிடோகிரெல் தருகிறார்கள். நம்மவர்களில் பாதிப் பேருக்கு அது சரியாக வேலை செய்யாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிறுத்திவிடலாமா?
— வாசகர், கரூர்

நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து.

வீடியோவில் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. குளோபிடோகிரெல் உடம்புக்குள் போய் சி.ஒய்.பி.2சி19 வழியாக மாறினால்தான் மருந்தாகும். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சத்தினரைப் பார்த்ததில் 57 சதவீதம் பேருக்கு அந்த என்சைம் மந்தம் என்று தெரிந்தது. மந்தம் என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலோருக்குக் குறைவு, சிலருக்குத்தான் ஏறக்குறைய இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பிரசுக்ரெல், டிகாக்ரலோர் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. அவற்றில் ரத்தக்கசிவு அதிகம் என்பதால் இதய டாக்டர்தான் எடைபோட்டுச் சொல்லவேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010லேயே இந்த மருந்தின் விவரக்குறிப்பில் இதற்கான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டது.

இன்றே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அப்பா ‘கேஸ் மாத்திரை’ என்று எதையாவது வெறும் வயிற்றில் போடுகிறாரா? அது ஒமிபிரசோல் அல்லது எசோமிபிரசோல் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவை அதே என்சைமை அடக்கிவைக்கும். பாண்டோபிரசோலுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. மரபணு நன்றாக இருப்பவருக்கும் கேஸ் மாத்திரையால் மருந்து பலவீனமாகலாம் என்பது நம் ஊரில் அவசியம் தெரியவேண்டிய விஷயம்.

மருந்து சாதி பார்க்குமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பார்க்காது. ஆனால் பல நூறு ஆண்டுகள் ஒரு கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் சில மரபணு மாற்றங்கள் அங்கே தேங்கிவிடும். ஆரிய வைசிய சமூகத்தவர் சிலருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் இருக்காது. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் கலைந்துவிடும். இவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும், அதுவரை செயற்கை சுவாசம் தேவை. தென்னிந்திய மயக்க மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்காக ஊரையும் குலத்தையும் கேட்டு மருந்தெழுத முடியாது. சென்னை சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஐசோனியசிட் மருந்தை நோயாளிகளின் உடம்பு எவ்வளவு வேகமாக முறிக்கிறது என்று 1960களின் தொடக்கத்திலேயே அளந்தார்கள். நம் மக்களிலேயே மெதுவாக முறிப்பவர்களும் வேகமாக முறிப்பவர்களும் கலந்திருந்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில்கூட ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி இருக்கலாம். வேகமாக முறிப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும் தரும் சிகிச்சை போதவில்லை என்பதும் அங்கேதான் தெரியவந்தது. இன்று நான் எழுதும் ஆய்வுக்கு முன்னோடி சென்னையிலேயே இருந்தது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

எச்சில் அனுப்பினால் எல்லா மருந்தையும் சொல்லிவிடுவோம் என்று விளம்பரம் வருகிறது. செய்துகொள்ளலாமா?
— வாசகி, சேலம்

இப்போது எந்த மருந்தும் சாப்பிடாதவர் என்றால் அவசரமில்லை. டாக்டர் குறிப்பிட்ட மருந்துக்காகக் கேட்டால் செய்யுங்கள். ஐரோப்பாவில் 7 நாடுகளில் 6,944 பேரிடம் 12 மரபணுக்களைப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதன்படி மருந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கம்போலக் கொடுத்தார்கள். முடிவு 2023ல் வந்தது. மருந்தை மாற்றவேண்டிய மரபணு இருந்தவர்களில், வழக்கமான முறையில் 27.7 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு வந்தது. பரிசோதித்துக் கொடுத்தபோது 21 சதவீதமாகக் குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் அங்கே முடிவைப் படித்து மருந்தை மாற்ற டாக்டரும் மருந்தாளுநரும் தயாராக இருந்தார்கள். படிக்க ஆளில்லாத அறிக்கை பீரோவில்தான் இருக்கும்.

இதய வால்வு மாற்றிப் பதினான்கு வருடம். அசினோகூமரால் அளவும் ஐ.என்.ஆர். எண்ணும் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். பிள்ளைகள் குப்பை என்கிறார்கள். உங்கள் ஆராய்ச்சிக்கு ஆகுமா?
— வாசகர், நாகர்கோவில்

ஐயா, எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை, அப்பாவின் சாய்ந்த எழுத்து. அவருக்கும் வால்வு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அதே மாத்திரை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துத்தான் அதன் அளவைத் தீர்மானிப்பார்கள்.

இந்த வகை மருந்துகளில் ஒருவருக்குத் தேவையான அளவும் இன்னொருவருக்குத் தேவையான அளவும் பத்து மடங்கு வரை வேறுபடும். வி.கே.ஓ.ஆர்.சி.1, சி.ஒய்.பி.2சி9 என்ற இரண்டு மரபணுக்கள் அதில் பெரும் பங்கை விளக்குகின்றன. 2009ல் 9 நாடுகள் சேர்ந்து, இதே வகையைச் சேர்ந்த வார்ஃபரினின் அளவைக் கணிக்க ஒரு கணக்கு போட்டார்கள். அதற்கு என்ன தேவைப்பட்டது தெரியுமா? ஏறத்தாழ 5,700 பேரின் மரபணு, வயது, உயரம், எடை, மற்ற மருந்துகள், அப்புறம் அவர்களுக்குக் கடைசியில் நிலைத்து நின்ற அளவு. அந்தக் கடைசி எண் எந்த ரத்தத் துளியிலும் கிடைக்காது. உங்கள் நோட்டில் இருப்பது அதுதான்.

அப்பாவின் நோட்டில் ஒரு பொங்கல் வாரம் ஐ.என்.ஆர். 1.6 என்றிருக்கிறது. அவருக்கு 2.5க்கு மேல் இருக்கவேண்டும். மாத்திரையைக் கூட்டினார்கள், அடுத்த முறை 5ஐத் தாண்டி ஈறில் ரத்தம். நான் விடுமுறையில் போனபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ‘அக்கா வீடு, மூன்று நாள், முருங்கைக்கீரை.’ கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிர். அந்த மூன்று நாள் கீரைதான் எண்ணை இறக்கியிருக்கவேண்டும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்காகக் கீரையை விடவேண்டியதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

நோட்டை எறியவேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள். முதல் பக்கத்தில் எந்த வால்வு, எந்தத் தேதி, உங்களுக்கு டாக்டர் சொன்ன ஐ.என்.ஆர். எல்லை எது என்று எழுதுங்கள். இனிமேல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, அந்த வாரம் காய்ச்சல், வேறு மாத்திரை, கஷாயம், கீரை, விரதம் என்று எது நடந்தாலும் இரண்டு வார்த்தை குறித்துவையுங்கள். அடுத்த முறை போகும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் நோட்டையே டாக்டர் கையில் கொடுங்கள்.